நீராவி லைனுக்கு அமுக்கச் சோதனை: பைப்பை எப்படித் தயார் செய்வது?

மில்வெல்டர் (ஞாயிறு இரவு 8.40)

வணக்கம். பரந்தனுக்குப் பக்கத்தில் ஒரு அரிசி மில்லில் நெல் அவிக்கும் தொட்டிகளுக்கு நீராவி லைன் போட்டு முடித்திருக்கிறேன். 2 அங்குலக் கறுப்பு பைப், 40 மீற்றர் அளவில் வரும், பொய்லரில் இருந்து மூன்று தொட்டிக்குப் பிரிகிறது. மொத்தம் 23 வெல்டிங், 6 இடத்தில் பிளாஞ்ச் (ஆணி போட்டு இறுக்கும் மூட்டு). பொய்லர் 7 பார் அமுக்கத்தில் ஓடும், சேப்டி வால்வும் அதற்குத்தான் வைத்திருக்கிறார்கள்.

இப்போது சோதனை செய்து காட்டச் சொல்கிறார் முதலாளி. இதுவரைக்கும் வீட்டுத் தண்ணீர் லைன்தான் சோதித்திருக்கிறேன், நீராவி இதுதான் முதல் தடவை. கொம்பிரசரைக் கொளுவி 10 பார் காற்று அடித்து சவர்க்காரம் பூசிப் பார்த்தால் போதும் என்று முதலாளி சொல்கிறார், தண்ணீர் நிரப்பினால் பைப் உள்ளே கறள் பிடிக்கும், நேரமும் போகும், தண்ணீருக்கும் தட்டுப்பாடு என்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. சோதனைக்கு முதல் என்னென்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒட்டுசுட்டான் பொடியன் (ஞாயிறு இரவு 9.05)

காற்றில் அடித்தால் என்ன பிழை? நான் எத்தனையோ லைன் காற்றில்தான் பார்த்திருக்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை. சவர்க்காரத் தண்ணீர் நுரைத்தால் அங்கே ஒழுக்கு, இல்லையென்றால் சரி. அரை மணித்தியால வேலை.

கறள் அண்ணை, வவுனியா (ஞாயிறு இரவு 9.50)

பொடியா, உனக்கு ஒன்றும் நடக்கவில்லை என்பது உன் அதிர்ஷ்டம், அது முறை ஆகாது.

தம்பி மில்வெல்டர், மனம் ஒப்பவில்லை என்று எழுதினீரே, அந்த மனதைக் கேளும். தண்ணீரை அமுக்க முடியாது என்றுதான் சொல்ல வேண்டும், அவ்வளவு கொஞ்சம்தான் அமுங்கும். அதனால் பைப் எங்கேயாவது விட்டால் ஒரு பீச்சு பீச்சிவிட்டு அமுக்கம் இறங்கிவிடும். காற்று அப்படி இல்லை, சுருட்டி வைத்த வில் மாதிரி. விட்டால் பைப் வாயில் போட்ட அடைப்புத் தகட்டையும் கொண்டுதான் போகும். ரயர்க் கடையில் லொறி ரயர் வெடித்ததைப் பார்த்தவருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

காற்றுச் சோதனை என்று ஒன்று முறைப்படி இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. தண்ணீர் உள்ளே போகவே கூடாத லைன்களுக்கு, ஆட்களை விலக்கி, படிப்படியாக ஏற்றிச் செய்வது. 2 அங்குல நீராவி லைனுக்கு அது தேவையே இல்லை.

மல்லாவிக்காரி (ஞாயிறு இரவு 10.30)

கணக்கைப் போட்டுப் பார்த்தேன், முதலாளிக்குக் காட்டுங்கள்.

2 அங்குல பைப்பின் உள்விட்டம் 52.5 மில்லிமீற்றர் என்றால் ஒரு மீற்றருக்கு 2.16 லீற்றர் பிடிக்கும். 40 மீற்றருக்கு 86, 87 லீற்றர். தண்ணீர்த் தட்டுப்பாடு என்றாரே, ஆறு வாளித் தண்ணீர்! நெல் ஊறப்போடும் தொட்டியில் அதைவிட எத்தனையோ மடங்கு போகிறது.

சோதனை அமுக்கம் வடிவமைப்பு அமுக்கத்தின் 1.5 மடங்கு, அதாவது 7 பாருக்கு 10.5 பார். நீராவி லைன்களுக்கான அமெரிக்க விதிமுறை ஏ.எஸ்.எம்.இ. பி31.1 இலும் அதுதான், குறைந்தது 10 நிமிடம் வைத்திருந்து, பிறகு வடிவமைப்பு அமுக்கத்துக்கு இறக்கி ஒவ்வொரு மூட்டாகப் பார்க்கலாம். அந்த 10.5 பாரில் அதே பைப்பில் காற்று இருந்தால் அடைபட்டிருக்கும் சக்தி, தண்ணீரில் இருப்பதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு. நூறு மடங்கு என்று எழுதப்போய், திரும்பக் கணக்குப் பார்த்துத் திருத்தினேன்.

இன்னொன்று, இது உங்களுக்கு வேலைத்தளத்தில் உதவும். காற்று ஒரு சொட்டும் இல்லாமல் தண்ணீர் முட்ட நிரம்பி இருந்தால், பூச்சியத்தில் இருந்து 10.5 பாருக்கு ஏற்ற மேலதிகமாகத் தேவைப்படும் தண்ணீர் 50 மில்லிலீற்றர் அளவுதான். அரைக் கோப்பைத் தேநீர்! கைப்பம்பை இரண்டு, மூன்று தரம் அடிக்க முள் துள்ளி எழும்ப வேண்டும். அடித்து அடித்துக் கை நோகிறது, முள் மெல்ல மெல்ல நகர்கிறது என்றால் உள்ளே காற்று இருக்கிறது, நிறுத்திவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள்.

மில்வெல்டர் (திங்கள் காலை 6.15)

அக்கா, அரைக் கோப்பைக் கணக்கைச் சொன்னதும் முதலாளி ஒன்றும் பேசவில்லை. ஆறு வாளி என்றதற்குச் சிரித்தார். சரி, தண்ணீர்தான். இனித் தயார் செய்யும் வேலையைச் சொல்லுங்கள். கறுப்பு பெயின்ற் அடித்துவிட்டுச் சோதிக்கவா, சோதித்த பிறகு அடிக்கவா?

கறள் அண்ணை, வவுனியா (திங்கள் காலை 7.00)

பெயின்ற் ரின்னைத் திறக்கவே வேண்டாம். வெல்டிங் எல்லாம் அம்மணமாக இருக்க வேண்டும், நீராவிக்குச் சுற்றும் வெப்பக் காப்பும் பிறகுதான். பெயின்ற் ஊசித் துளையை மூடிவிடும், சோதனையில் ஒழுகாமல் தாங்கிவிடும், ஆறு மாதம் கழித்து சூட்டில் பெயின்ற் கருகினதும் ஒழுகும்.

வெல்டிங் கசடு அதைவிட மோசம். கசடு கண்ணாடி மாதிரி இறுகி ஓட்டையின் மேல் குந்தியிருக்கும். 10 பாரையும் கொஞ்ச நேரம் தாங்கும். சுத்தியலால் தட்டி, கம்பித் தூரிகையால் வெள்ளி தெரியும்வரை தேயும். 23 வெல்டிங் என்றீர், 23 ஐயும் வெண்கட்டியால் இலக்கம் போடும். கீழ்ப்பக்கத்தை முகம் பார்க்கும் கண்ணாடி பிடித்துப் பாரும், வெல்டர் படுத்துக்கொண்டு ஒட்டின இடத்தில்தான் எப்போதும் வில்லங்கம். சுவரோரம் போகும் பைப் இருந்தால் சுவர்ப்பக்கமும்.

பிறகு உள்ளே. பைப்புக்குள் வெல்டிங் குச்சித் துண்டு, கிரைண்டர் தூள், மணல், சில வேளை தவளை எல்லாம் இருக்கும். சிரிக்க வேண்டாம், மாங்குளத்தில் மழைக்கு வெளியே போட்டிருந்த பைப்பில் நானே கண்டது. பொய்லர்ப் பக்கம் கழற்றி, கடைசித் தொட்டிப் பக்கம் திறந்து, தண்ணீரை வேகமாக விட்டு அலசும், தெளிவாக வரும்வரை. அலசும்போது ஸ்டீம் ட்ராப் (நீராவியை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியே விடுகிற சாமான்), வடிகட்டி, அமுக்கமானி, சேப்டி வால்வு எதுவும் லைனில் இருக்கக் கூடாது, ஊத்தை எல்லாம் அங்கே போய்த்தான் அடையும். அவை இருந்த இடத்தில் ஒரு துண்டு பைப் போட்டு அல்லது அடைத்து விடும். சோதனை முடியும்வரைக்கும் அவை பெட்டிக்குள் இருக்கட்டும்.

பொய்லரையும் இந்தச் சோதனைக்குள் இழுக்க வேண்டாம். பொய்லரைப் பரிசோதிக்க அதிகாரம் பெற்ற ஆட்கள் இருக்கிறார்கள், அது 1942 இன் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்தில் வருகிற விசயம். உம்முடைய வேலை பொய்லர் வால்வுக்கு இந்தப் பக்கம்.

புதுக்குடியிருப்பு77 (திங்கள் மாலை 5.20)

பைப் புதிதா, பழைய இரும்புக் கடையிலா எடுத்தது? அதை ஒருவரும் கேட்கவில்லையே.

2011 இல் எங்கள் பக்கம் பழைய இரும்பு மலிவாகக் கிடந்தது, எல்லோரும் அதில்தான் வேலை செய்தோம், புதிது வாங்கக் காசு யாரிடம் இருந்தது? ஒரு தோட்டத்துக்கு 3 அங்குல பைப் பத்து, பன்னிரண்டு எடுத்துப் பொருத்தினோம். பார்வைக்கு நல்ல தடிப்பு, தட்டினால் நல்ல சத்தம். தண்ணீர் நிரப்பி 4 பார் வரும்போது நடு பைப்பில் இருந்து நூல் மாதிரி ஒரு பீச்சல், எதிரே நின்ற மதிலில் அடித்தது. கறளைச் சுரண்டிப் பார்த்தால் போரில் விழுந்த செல் துண்டு ஒன்று பட்டுத் துளைத்த ஓட்டை, உள்ளே மண்ணும் கறளும் சேர்ந்து தக்கை மாதிரி இறுகி அடைத்திருந்தது. பக்கத்தில் துளைக்காமல் கீறிய பள்ளம் வேறு இரண்டு. அவை ஒழுகவில்லை. ஆனால் அந்தப் பைப்பை வெட்டித்தான் எறிந்தோம், பள்ளம் விழுந்த இடத்தில் தடிப்பு எவ்வளவு மிச்சம் என்று யாருக்குத் தெரியும்.

நீராவிக்குப் பழைய பைப் என்றால் நான் தொடமாட்டேன்.

மில்வெல்டர் (திங்கள் இரவு 8.10)

புதிது அண்ணை, வவுனியாவில் இருந்து லொறியில் இறக்கியது. ஒரு வளைவு மட்டும் மில்லில் கிடந்த பழையது, உங்கள் கதையைப் படித்துவிட்டு அதை இன்று வெட்டி எடுத்துவிட்டேன். ஆக, வெல்டிங் 23 தான், ஆனால் இரண்டு புதிது.

மானி பற்றி ஒரு கேள்வி. என்னிடம் 100 பார் மானி ஒன்று கிடக்கிறது, அது போதுமா?

மல்லாவிக்காரி (திங்கள் இரவு 8.45)

போதாது தம்பி. 100 பார் மானியில் ஒரு கோடு 2 பார், அரைப் பார் இறங்கினால் உங்கள் கண்ணுக்கே தெரியாது. 16 அல்லது 25 பார் மானி எடுங்கள், முள் நடுப்பகுதியில் நிற்க வேண்டும். இரண்டு மானி போடுங்கள், ஒன்று பம்ப் பக்கம், மற்றது லைனின் மறு அந்தத்தில். இரண்டும் ஒரே கதை சொன்னால் நம்பலாம். உயர வித்தியாசம் இருந்தால் 10 மீற்றருக்கு 1 பார் அளவில் மாறும், மில்லுக்குள் அது பெரிதாக வராது.

பம்புக்கும் லைனுக்கும் நடுவில் ஒரு வால்வு கட்டாயம். அமுக்கம் ஏறியதும் அதை மூடிப் பம்பைப் பிரித்துவிடுங்கள். இல்லையென்றால் பம்பின் வாசர் கசிவதை லைன் கசிவு என்று நினைத்து விடிய விடியத் தேடுவீர்கள். எனக்கு நடந்தது, ஒரு பகல் முழுக்க. 150 மில்லிமீற்றர் லைன் அது, தண்ணீர் நிரம்பினதும் 6 மீற்றர் பைப் ஒன்றில் 110 கிலோ தண்ணீர் ஏறும், தாங்கிகள் சில சாய்ந்து வேறு போயின. உங்களுடைய 2 அங்குலத்துக்கு மீற்றருக்கு 2 கிலோதான், ஆனாலும் கம்பியில் தொங்கவிட்ட இடம் இருந்தால் முட்டுக் கொடுங்கள்.

ஒட்டுசுட்டான் பொடியன் (திங்கள் இரவு 9.30)

சரி சரி, 10 பார் காற்று வேண்டாம், ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் தண்ணீர் நிரப்ப முதல் ஒரு பாருக்கு மேல் போகாமல் காற்று விட்டு சவர்க்காரம் பூசிப் பார்த்தால் பிளாஞ்ச் ஒழுக்கெல்லாம் முதலே தெரிந்துவிடுமே? தண்ணீரை நிரப்பி, கண்டுபிடித்து, திரும்ப வடித்து, எத்தனை வேலை.

கறள் அண்ணை, வவுனியா (திங்கள் இரவு 9.55)

ஓம், அது நல்ல யோசனை. நானும் அப்படித்தான் செய்கிறவன். இந்தக் கதையை முதலே சொல்லியிருந்தால் உம்மைப் பேசியிருக்க மாட்டேன். ஒரு பாருக்குள் நிற்கட்டும், கொம்பிரசரில் அமுக்கத்தை அடக்கும் வால்வு கட்டாயம் இருக்கட்டும்.

மில்வெல்டர் (செவ்வாய் மதியம் 1.10)

பிளாஞ்ச் எல்லாம் இன்று கழற்றித் துடைத்தேன். ஒரு பிளாஞ்ச் முகத்தில் நடுவில் இருந்து வெளியே போகிற மாதிரி ஒரு கீறல், நகத்தை ஓட்டினால் தட்டுப்படுகிறது. தடித்த காஸ்கெட் (பிளாஞ்சுக்கு நடுவில் வைக்கும் அடைப்பு) போட்டால் பிடிக்குமா?

கறள் அண்ணை, வவுனியா (செவ்வாய் மதியம் 1.40)

சுற்றி வருகிற கீறல் என்றால் சமாளிக்கலாம். உள்ளே இருந்து வெளியே போகிற கீறல் தண்ணீருக்குப் போட்ட வாய்க்கால். முகத்தைக் கடைந்து எடுக்கக் கொடும், அல்லது பிளாஞ்சை மாற்றும். தடித்த காஸ்கெட் தண்ணீர்ச் சோதனையில் உம்மைக் காப்பாற்றும், நீராவியில் காட்டிக்கொடுக்கும். ஆணிகளைக் குறுக்காகப் பிடித்து இறுக்க வேண்டும், ஒன்று விட்டு எதிரே ஒன்று, மூன்று சுற்றில். ஒரு பக்கம் முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போகக் கூடாது.

அடைப்புத் தகடு பற்றி. எண்ணெய் ரின்னை வெட்டி அடைக்கிற ஆட்களைக் கண்டிருக்கிறேன், அது தவில் மாதிரி உப்பி வரும். 10.5 பாரில் 2 அங்குல வாயில் 200 கிலோவுக்கு மேல் தள்ளும். 6 மில்லிமீற்றர் தகட்டில் வெட்டும், தோசைக்கரண்டி மாதிரி பிடி வைத்து, பிளாஞ்சுக்கு வெளியே அந்தப் பிடி நீட்டிக்கொண்டு நிற்கட்டும், சிவப்புப் பூசும். எத்தனை போட்டோம் என்று சுவரில் எழுதிவைக்கும்.

உப்பளத்தான் (செவ்வாய் இரவு 7.30)

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பரந்தன் என்றதும் ஐயாவின் ஞாபகம். அவர் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் பிற்றராக இருந்தவர், ஆனையிறவு உப்பில் இருந்து காஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த இடம். தண்ணீர் விட்டுச் சோதிப்பது ஒரு நாள், அந்தத் தண்ணீரைக் காயவைப்பது மூன்று நாள் என்பார். காய்ந்த குளோரின் சாதாரணச் சூட்டில் இரும்பை ஒன்றும் செய்யாது, ஈரம் பட்டால் அரித்துத் தின்றுவிடும். சூடான காற்றை ஊதிக்கொண்டே இருந்து, வெளியே வரும் காற்றில் சவரக் கண்ணாடியைப் பிடித்துப் பார்ப்பார்களாம், பனிக்கிறதா என்று.

தம்பிக்கு நீராவிதானே, அந்த அளவுக்குக் காயத் தேவையில்லை. ஆனால் பள்ளமான இடத்தில் தண்ணீர் தேங்கி நிற்க நீராவியைத் திறந்தால், அந்தத் தண்ணீரை நீராவி உருட்டிக்கொண்டு போய் வளைவில் அடிக்கும், சம்மட்டி மாதிரி. பைப்பே துள்ளும். வடிகால் வைத்திருக்கிறீர்களா?

மில்வெல்டர் (செவ்வாய் இரவு 8.00)

ஒன்றுதான் வைத்தேன் ஐயா. இரண்டாம் தொட்டிக்கு முன்னால் லைன் தொய்ந்து ஒரு பள்ளம் இருக்கிறது, அங்கே நாளை ஒன்று ஒட்டுகிறேன். வெல்டிங் 24 ஆகிறது.

மல்லாவிக்காரி (செவ்வாய் இரவு 8.25)

அப்படியே மேடான இடங்களில் காற்றுப் போக ஒரு சின்ன வால்வும். கீழே இருந்து மெதுவாக நிரப்பி, மேலே திறந்து வைத்து, குமிழி இல்லாமல் தண்ணீர் நூலாக வரும்வரை விடுங்கள். அவசரப்பட்டு வேகமாக நிரப்பினால் காற்று நடுவில் மாட்டிக்கொள்ளும். போல் வால்வுகளை அரைவாசி திறந்து வையுங்கள், முழுக்கத் திறந்தாலும் மூடினாலும் உருண்டையைச் சுற்றிக் காற்று நிற்கும்.

எத்தனை மணிக்குச் செய்யப்போகிறீர்கள்?

மில்வெல்டர் (செவ்வாய் இரவு 8.40)

சனி காலை பத்து மணிக்கு, முதலாளி வந்த பிறகு.

மல்லாவிக்காரி (செவ்வாய் இரவு 8.50)

வேண்டாம்! தகரக் கூரைக்குக் கீழேயா, வெளியிலா லைன் போகிறது? வெளியே 15 மீற்றர் வெயிலில் கிடந்தால்கூடப் போதும். தண்ணீர் முட்ட நிரம்பி நாலு பக்கமும் அடைத்த இரும்புப் பைப்பில், தண்ணீர் ஒரு பாகை சூடேறினால் அமுக்கம் 4 பார் அளவில் ஏறும். கொஞ்சம் காற்று மிஞ்சியிருந்தால் அவ்வளவு ஏறாது, ஆனால் ஏறும். வன்னி வெயிலில் பத்து மணிக்கு வைத்தால் முள் தானாக எழும்பும், நீங்கள் ஒழுக்கு இல்லை என்று சந்தோசப்படுவீர்கள், ஒழுகுவதை வெயில் ஈடுசெய்துகொண்டிருக்கும். முதல் நாள் பின்னேரமே நிரப்பி, மேல் வால்வைத் திறந்தபடி இரவு விட்டுவிடுங்கள், பைப்பும் தண்ணீரும் ஒரே சூட்டுக்கு வரும். வெயில் ஏற முதல் விடிய ஐந்தரைக்குச் சோதியுங்கள். முதலாளியை எழும்பி வரச் சொல்லுங்கள்.

நிரப்பி அடைத்துவிட்டுச் சாப்பிடப் போவது மட்டும் செய்யாதீர்கள்.

நந்திக்கடல் காற்று (புதன் காலை 9.15)

இடையில் ஒரு கேள்வி, எங்களுடையது பால் குளிரூட்டும் இடத்துக்கான ஸ்டெயின்லெஸ் பைப். கிணற்றுத் தண்ணீரில் சோதிக்கலாமா? கடற்கரைப் பக்கம், கொஞ்சம் சவர்.

கறள் அண்ணை, வவுனியா (புதன் காலை 9.40)

சவர்த் தண்ணீர் கூடாது. உப்பில் இருக்கிற குளோரைட் ஸ்டெயின்லெஸ்ஸில் பொட்டுப் பொட்டாக ஓட்டை போடும். குளோரைட் 50 பிபிஎம்முக்குக் குறைந்த தண்ணீர் என்று பொதுவாகக் கேட்பார்கள். பவுசரில் நல்ல தண்ணீர் எடுத்துச் செய்துவிட்டு, உடனே வடித்துக் காயவிடும், தேங்கவிட வேண்டாம்.

மில்வெல்டர் (சனி காலை 8.20)

முடிந்தது, ஆனால் முதல் தடவையில் இல்லை.

வெள்ளி பின்னேரம் நிரப்பினேன், மேல் வால்வில் இருந்து கடைசிக் குமிழி போக முக்கால் மணித்தியாலம் எடுத்தது. இன்று ஐந்தரைக்கு டோர்ச் லைற்றோடு தொடங்கினோம், முதலாளி சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து நின்றார். கைப்பம்பில் நாலு அடி, முள் துள்ளியது, அக்கா சொன்ன மாதிரியே. 3 பாரில் நிறுத்திப் பார்த்தோம், 7 இல் நிறுத்திப் பார்த்தோம், 10.5 இல் வால்வைப் பூட்டினேன். ஆறு நிமிடத்தில் 10.1. இரண்டு மானியும் ஒரே கதை.

7 க்கு இறக்கிவிட்டுக் கையை வைத்துத் தடவிக்கொண்டே போனேன். இலக்கம் 17, சுவரோரம், கீழ்ப்பக்கம். கண்ணாடி பிடித்தேன், ஒரு சொட்டு, துடைத்தால் திரும்ப ஒரு சொட்டு. சுவருக்கும் பைப்புக்கும் நடுவில் கம்பித் தூரிகை போகவில்லை என்று அந்த ஒன்றை மட்டும் அரைகுறையாகத் தேய்த்திருந்தேன், உண்மையைச் சொல்கிறேன். ஆணியால் கசடைக் குத்தியதும் கடுகளவு துண்டு கழன்றது, பீச்சி முகத்தில் அடித்தது.

வடித்து, அந்த இடத்தைக் கிரைண்டரில் வெட்டி, காயவைத்து, திரும்ப ஒட்டி, முதலில் இருந்து நிரப்பி, மேக மூட்டமாக இருந்ததால் ஏழரைக்குத் திரும்ப வைத்தோம். 10 நிமிடமும் முள் அசையவில்லை.

கறள் அண்ணை, வவுனியா (சனி காலை 8.45)

அமுக்கத்தோடு கசடைக் குத்தினதற்கு உமக்கு ஒரு குட்டு. கண்ணில் பட்டிருந்தால்? முழுக்க இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். மற்றபடி நல்ல வேலை தம்பி. தண்ணீரை இன்றே வடியும், தகடுகளை எண்ணிக் கழற்றும்.

மில்வெல்டர் (ஞாயிறு மாலை 6.30)

அண்ணை, இன்று நீராவி திறந்தோம். மெதுவாக, வடிகால் இரண்டையும் திறந்து வைத்து, உப்பளத்தான் ஐயா சொன்னபடி. சத்தம் ஒன்றும் இல்லை. முதலாம் தொட்டி சூடேறியது, இரண்டாம் தொட்டி சூடேறியது, மூன்றாம் தொட்டிக்குப் போகும் பைப் பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிராகவே இருந்தது.

சுவரில் 3 தகடு என்று எழுதியிருக்கிறேன். மூன்றாவதுக்கு 6 மில்லிமீற்றர் தகடு போதாமல் பிடி இல்லாமல் வட்டமாக வெட்டியிருந்தேன், வெளியே ஒன்றும் நீட்டவில்லை, கண்ணில் படவும் இல்லை. பைப் ஆறட்டும் என்று இருக்கிறோம், பிறகுதான் கழற்றலாம். முதலாளி தேநீர் குடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.